ரயில் போன தடத்தில் ஊர் நடைபாதை: செட்டிநாட்டுக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1930ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த பாதை 1952இல் காரைக்குடியோடு இணைந்தது. இரண்டுமே 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைகளாக நெடுங்காலம் இருந்து, பிறகு 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைகளாக மாறின. காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதியில் அகல ரயில் ஓடத் தொடங்கியது 2018இல்தான். இவ்வாறு கேஜ் மாற்றம் நடைபெறும்போது பெரும்பாலும் தண்டவாளத்தைத் தாங்கிய பழைய மண்கரையையே அகலப்படுத்திக்கொள்வார்கள். ஆயினும் வளைவு நேராக்கப்படும் இடங்களிலும், கைவிடப்பட்ட கிளைத் தண்டவாளங்களிலும், இடம் மாறிய ஸ்டேஷன் வளாகங்களிலும் பழைய கரை துண்டு துண்டாக எஞ்சி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பது உண்டு.

அத்தகைய துண்டு ஒன்று உங்கள் ஊர் எல்லைக்குள் இருந்து, அதை நடைபாதையாக்க ஊரார் விரும்பினால், எந்த வேலையை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. காகிதம், தண்ணீர், தளம், நிழல், பராமரிப்பு என்பதே வேலையின் வரிசை. பெரும்பாலான ஊர்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள், பிறகுதான் நிலம் யாருடையது என்று கேட்கிறார்கள்.

முதல் படி: நிலம் யாருடையது என்று அறிதல்

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டதாலேயே நிலம் ஊருக்கு வந்துவிடாது. ரயில் ஓடாவிட்டாலும் அது ரயில்வேயின் நிலமாகவே இருக்கிறது. அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கரையில் விட்டுச்சென்ற தண்டவாளத் துண்டு, அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் இரும்புச் சிலிப்பர், தண்டவாளங்களை இணைக்கும் மீன்தட்டு, ஆணி முதலியவற்றையும் தொடக் கூடாது. ரயில்வே சொத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பதற்கென்றே 1966இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. “பழைய இரும்புதானே, பெஞ்சு செய்யலாம்” என்று நல்ல எண்ணத்தோடு எடுத்து வைத்தவரும் அதில் சிக்க நேரும்.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கரை எந்தெந்தப் புல எண்களில் வருகிறது, ஒவ்வொன்றும் ரயில்வே நிலம் என்று பதிவாகியுள்ளதா, அரசுப் புறம்போக்கா, பட்டா நிலமா என்பது அதில் தெரியும். அந்த எண்களுக்குரிய புலப்படங்களைப் பெற்று, நில அளவையருக்கு மனுக் கொடுத்து, எல்லைக் கற்களை இனங்காட்டச் சொல்லுங்கள். கரையின் மேல்தளம் மட்டுமே ரயில்வே நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். கரை கட்ட மண் வெட்டிய இருபுறப் பள்ளங்களும் பெரும்பாலும் அதே எல்லைக்குள் அடங்கும். அவற்றில் ஒன்றை யாராவது வயலாக்கியிருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவரைக் குற்றவாளியாக்காமல், முதல் கூட்டத்துக்கே அழைத்து உட்கார வைப்பது அதைவிட நல்லது.

ரயில்வேயின் உத்தேசம் என்ன என்பதையும் அறிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். செட்டிநாடு, காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா ஆகிய நிலையங்கள் ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் உள்ளன. அறந்தாங்கி வழியாகத் திருவாரூர் செல்லும் பாதை திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது. எந்தக் கோட்டம் என்று தெரியாமல் அனுப்பிய மனு மாதக்கணக்கில் அலையும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். இன்ன புல எண்ணில் உள்ள நிலம் தற்போது எதற்குப் பயன்படுகிறது, இரண்டாம் பாதை அமைக்கவோ வேறு பணிக்கோ ஒதுக்கப்பட்டுள்ளதா, யாருக்கேனும் குத்தகைக்கு விடப்பட்டுள்ளதா என்று மட்டும் கேட்டால் போதும்.

இரண்டாம் படி: ஊர் ஒப்புதலும் ரயில்வே அனுமதியும்

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் ஒரு நாளில் தீர்மானம் நிறைவேற வேண்டும். தீர்மானத்தில் புல எண்கள், நீளம், பாதையின் நோக்கம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றோடு இன்னொரு வாக்கியமும் இருந்தாக வேண்டும்: ரயில்வேக்கு அந்த நிலம் மீண்டும் தேவைப்பட்டால் ஊர் எவ்விதத் தடையும் இன்றித் திருப்பித் தரும்.

இந்த வாக்கியத்தைக் கண்டு சிலர் தயங்குவார்கள். ஆனால் அனுமதி கிடைப்பதற்கு அதுவே பெரிய துணை. அமெரிக்காவில் 1983இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இதே எண்ணத்தில் அமைந்தது. பிற்காலத்தில் ரயில் திரும்ப வரக்கூடும் என்பதற்காகத் தடத்தைத் துண்டாடாமல் காப்பதும், அதுவரை மக்கள் அதில் நடப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று அது ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்திலும் இந்த வாக்கியம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 1926இல் தொடங்கிய மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் 1980களில் நின்றுபோனது. அது மீண்டும் வர வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் ஊரிலும் ரயிலை எதிர்பார்த்திருக்கும் முதியவர்கள் இருப்பார்கள். நடைபாதை என்பது ரயிலுக்குத் தலைமுழுகுவது என்று அவர்கள் எண்ணிவிட்டால் பாதி ஊர் எதிர்ப்பக்கம் போய்விடும்.

தீர்மான நகல், புலப்படம், பாதை செல்லும் தடத்தின் எளிய வரைபடம், சில புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து, கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஊராட்சியின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்; தனியார் சங்கத்தின் பெயரில் வேண்டாம். நிலத்தைக் கேட்காமல், உரிமை ரயில்வேயிடமே இருக்க, வழிச்செல்லும் அனுமதி மட்டும் கேளுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். செட்டிநாட்டுப் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களில் பரந்து கிடப்பதால், தடம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் இரண்டு ஆட்சியரையும் அணுக வேண்டியிருக்கும்.

கரையின் ஒரு பகுதி பட்டா நிலத்தில் போய்விட்டிருந்தால் அயர்லாந்தின் அனுபவம் உதவும். அங்கே 1937இல் மூடப்பட்ட வெஸ்ட்போர்ட் – அக்கில் ரயில் தடம் விவசாயிகளின் கைக்குப் போயிருந்தது. நிலத்தை விலைக்கு வாங்காமல், உரிமையாளர்களின் இசைவை மட்டும் பெற்றே அங்கு 42 கிலோமீட்டர் பாதை அமைத்தார்கள். நிலம் அவருடையது, நடக்கும் இசைவு ஊருக்கு என்ற ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொண்டால் நம் ஊரிலும் அது செல்லும். வாய்ச்சொல்லை நம்பிக் கிராவல் கொட்டக் கூடாது. தந்தை கொடுத்த சொல் பாகப்பிரிவினைக்குப் பின் பிள்ளைகளைக் கட்டாது.

கூட்டம் நடத்தும் இடம் பற்றி ஒரு சொல். ஒரு சமூகத்தாருக்கு உரிய மண்டபத்தில் கூட்டம் போட்டால், பாதையும் அவர்களுடையது என்றே மற்றவர்கள் எண்ணுவார்கள். பள்ளிக்கூட மைதானம் பொருத்தமானது. ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும், காலனியிலிருந்தும் பாதைக்கு ஏறுவழி ஒன்று வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

மூன்றாம் படி: தண்ணீரை முதலில் விடுதல்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுவே. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லாத இப்பகுதியில் கண்மாயும் ஊருணியுமே வாழ்வு. முற்றத்தில் விழும் மழையையும் வீணாக்காமல் ஊருணிக்கு அனுப்பிய ஊர்கள் இவை. நிலத்தின் சாய்வு பொதுவாகத் தென்கிழக்கு நோக்கி இருப்பதால், அதற்குக் குறுக்கே போகும் ரயில் கரை ஒவ்வொன்றும் ஓர் அணை போன்றது. அதனால்தான் கரை கட்டியபோதே, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் கடக்கும் இடங்களில் சிறுபாலங்கள் வைத்தார்கள். ரயில் ஓடிய காலத்தில் மழைக்கு முன்பாகக் கேங்மேன்கள் எனப்படும் பாதைப் பராமரிப்புத் தொழிலாளர்கள் அவற்றைத் தூர்வாரினார்கள். ரயில் நின்றதும் அந்த வேலையும் நின்றது. மண்ணும் கருவேல வேரும் பாலங்களின் கண்களை அடைத்துக்கொண்டன.

எனவே பாதை வேலை தொடங்கும் முன், ஆவணி, புரட்டாசி மாதங்களில் கரையின் முழு நீளத்தையும் நடந்து, ஒவ்வொரு சிறுபாலத்தையும் எண்ணிட்டுக் குறியுங்கள். எந்தப் பாலம் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் விடுகிறது என்பதை ஊரில் நீர் பாய்ச்சிய வயதானவர்கள் சொல்வார்கள். அவர்களை உடன் அழைத்துச் செல்லாமல் பொறியாளரை மட்டும் அழைத்துச் செல்வது வீண். தூர்வாரிய பின் ஓர் ஐப்பசி மழையைக் காத்திருந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே கரை அரிக்கிறது என்பதை மழையே காட்டிக்கொடுக்கும். ஓராண்டு தாமதமாகிறதே என்று இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். முதல் மழையில் கரைந்தோடிய பாதையை மீண்டும் போடுவதற்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் மலிவானது.

பாலத்தின் பக்கச்சுவர் விரிசல் கண்டிருந்தால் ஊரார் தாமே பூசி மறைக்கக் கூடாது. பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடி வையுங்கள். நல்ல நிலையில் உள்ள பாலங்களின் இருபுறமும் கைப்பிடி அமைக்க வேண்டும்.

நான்காம் படி: முள் அகற்றுதலும் தளமும்

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் கரையின் சரிவில் வேரைப் பறித்தால் சரிவு குலையும். ஆகவே மேல்தளத்தில் வேரோடு பறிப்பதும், சரிவில் தரைமட்டத்தில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஒடித்துக்கொண்டே வருவதும்தான் நடைமுறைக்கு ஏற்றது. அதன் நெற்றைத் தின்ற ஆடுகள் புழுக்கையோடு விதையைப் பரப்பும் என்பதால், காய்க்கும் பருவத்துக்கு முன்பே வேலையை முடிக்கப் பாருங்கள். வெட்டிய முள்ளை எரிக்க வேண்டாம். பிறகு மரக்கன்றுகளுக்கு வேலியாகும்.

மரச் சிலிப்பர்கள் கிடந்தால் அவற்றை இருக்கையாக்குவதும், அடுப்பெரிப்பதும் கூடாது. அவை கெடாதிருக்கப் பூசிய கிரியோசோட் எண்ணெய் தோலுக்கும் நுரையீரலுக்கும் தீங்கானது. ரயில்வேக்குத் தெரிவித்து அகற்றச் சொல்வதே முறை.

ரயில் தடத்தின் பெரும் சிறப்பு அதன் சரிவு. இஞ்சின் இழுக்க வேண்டியிருந்ததால் ஏற்றங்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதனினும் குறைவாகவோ இருக்கும். முழங்கால் வலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் சிரமமின்றிச் செல்லலாம். அந்த வசதியைக் கெடுப்பவை கரைக்கு ஏறும் வழிகளே. ஏறுவழியின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது; அதாவது கரை ஒரு மீட்டர் உயரமானால் ஏறுவழி 12 மீட்டர் நீளமாவது வேண்டும்.

தளத்துக்குச் செம்மண் கிராவலே போதும். சிமென்ட் கல் பதித்தால் பங்குனி வெயிலில் காலை எட்டு மணிக்கே கால் வைக்க முடியாது. நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் செருப்பின்றி நடப்பவர்கள். ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்று கொண்டால் இறுகிய அளவில் 200 கனமீட்டர் ஆகும். உதிரி மண் உருளையில் அமுங்கும் என்பதால் ஏறத்தாழ 250 கனமீட்டர் கொள்முதல் செய்ய வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கனஅடி, அதாவது 2.83 கனமீட்டர், ஆக 88 யூனிட் வரும், மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் முப்பது நடை. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கனிமவளத் துறையின் அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாத மண்ணை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்; பாதையின் பெயரே கெடும்.

கிராவலை இரண்டு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் தனித்தனியே அழுத்த வேண்டும். நடுவில் சற்றே மேடாக, விளிம்பை விட 2.5 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் மழைநீர் இருபுறமும் வழிந்துவிடும். பழைய ஜல்லி எஞ்சியிருக்குமானால் ரயில்வே அனுமதியோடு அதையே அடித்தளமாக்கலாம். அதன் மேல் வெறுமனே நடப்பது கணுக்காலுக்குக் கேடு.

வாகனங்களைத் தடுப்பது பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நுழைவாயில்களில் கல்தூண் நட்டால் கார், டிராக்டர், மண் அள்ள வரும் லாரி ஆகியவற்றைத் தடுக்கலாம். சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும். இருசக்கர வாகனத்தைத் தூணால் தடுக்க முயன்று நாற்காலியில் வருபவரை வெளியே நிறுத்துவதை விட, ஊர்க் கட்டுப்பாட்டால் தடுப்பதே சரி என்பது என் கருத்து. பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் நேராகக் கொண்டுபோய் விடாமல் சிறு வளைவு கொடுத்தால் நடப்பவரின் வேகம் தானாகக் குறையும். எச்சரிக்கைப் பலகைக்கு நெடுஞ்சாலைத் துறையை அணுகுங்கள். பக்கத்தில் ரயில் ஓடும் பாதை இருந்தால், அதுவும் மின்மயமானதாக இருந்தால், மேலே செல்வது 25,000 வோல்ட் கம்பி. அவ்விடத்தில் ரயில்வே சொல்லும் இடைவெளியும் வேலியும் இல்லாமல் பாதையைத் திறக்கவே கூடாது.

ஐந்தாம் படி: நிழலும் இளைப்பாறும் இடமும்

மரங்களைக் கரையின் மேல் விளிம்பில் நடாமல் அடிவாரத்தில் நட வேண்டும். இல்லையேல் வேர் கரையைப் பிளக்கும். விரைவில் நிழல் தர புங்கமும் வேம்பும், ஈரமுள்ள சிறுபாலங்களின் அருகே மருதும், நீண்ட காலத்துக்கு இலுப்பையும் பொருந்தும். நாவல் பறவைகளுக்கு நல்லது. ஆனால் பழம் உதிர்ந்து வழுக்கும் என்பதால் பாதையிலிருந்து தள்ளி நடுங்கள். கண்மாய்ப் பக்கத்தில் பனை விதை ஊன்றலாம். ஐப்பசி மழையோடு நட்டு, வெட்டிவைத்த கருவேல முள்ளை ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கட்டி, அடுத்த மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இன்ன வீட்டாருக்கு என்று எழுதி வையுங்கள்.

உட்காரும் இடத்துக்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தலைச்சுமையை இறக்கி வைக்க வழியோரங்களில் நட்ட சுமைதாங்கிக் கற்களைப் போல, இரு நிலைக்கல்லும் ஒரு குறுக்குக்கல்லுமாகத் தாழ்வாக அமைத்தால் எந்தக் காலத்திலும் பழுது வராது. அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் மக்கள் வாழும் ஊர் இது. நடப்பவருக்கு என்ன தேவை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இளைப்பாற ஒரு கல், குடிக்கத் தண்ணீர், கோடையில் ஒரு தண்ணீர்ப் பந்தல்.

விளக்குகளை நுழைவாயில்களில் மட்டும் வைத்தால் போதும் என்பேன். பாம்புக்கு அஞ்சுவோர் விளக்கை விட, இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் செதுக்கி வைப்பதையே கேட்க வேண்டும். கண்மாயில் பறவைகள் அடையும் இடங்களில் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்ட மக்கள் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆறாம் படி: பணம்

மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் இதற்கு ஏற்றது. முள் அகற்றுதல், தூர்வாருதல், மரம் நடுதல் ஆகியவற்றை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். மக்கள் பங்குக்கு, குடும்பக் கணக்கில் வாங்கும் புள்ளி வரியும், வருவாயில் ஒரு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கும் மகமையும் கண்ட ஊர்களில் வழி சொல்ல வேண்டியதில்லை; வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக, சிறு தொகையாகப் பிரிப்பதே நல்லது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் முழுத்தொகையையும் தருவதாகச் சொன்னாலும் அதில் ஒரு பகுதியை மட்டும் பெறுங்கள். ஒருவர் பணத்தில் போட்ட பாதையைச் செதுக்க மற்றவர் மண்வெட்டி எடுத்து வருவதில்லை.

உபயதாரர் பெயர்களை எல்லாம் பாதையின் முடிவில் ஒரே கல்லில் பொறித்துவிடுங்கள். குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைத்த வழக்கம் கோயிலோடு நிற்கட்டும்.

ஏழாம் படி: திறந்த பின்

முதலில் ஒரு கிலோமீட்டரை மட்டும் திறக்க வேண்டும், அதுவும் ஊரார் அன்றாடம் போய்வரும் பகுதியாக: பள்ளிக்கோ, பேருந்து நிறுத்தத்துக்கோ, கோயிலுக்கோ செல்லும் வழியாக. கானாடுகாத்தானின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் பயணிகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய பாதை, பயணிகள் வராத மாதங்களில் முள் மூடிவிடும். ஊர்ப் பெண்கள் காலை ஐந்தரைக்கு நடக்கும் பாதையில் பயணிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

பாதையை நூறு மீட்டர் துண்டுகளாகப் பிரித்துத் தெருக்களுக்கு ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை புல் செதுக்கும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கூலியோடு கொடுக்க வேண்டும். சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இலவசமாகக் கேட்பது நீடிக்காது, நியாயமும் இல்லை. புரட்டாசியில் சிறுபாலங்களைத் தூர்வாருவதும், மழை ஓய்ந்த தை மாதத்தில் பள்ளங்களைக் கிராவல் இட்டு நிரப்புவதும் ஆண்டுதோறும் தவறக் கூடாதவை. இவற்றுக்கென இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கையும், எந்த நாள் எந்த வேலை நடந்தது, எவ்வளவு செலவு என்று எழுதும் ஒரு நோட்டையும் ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். ரயில்வேயிடம் அனுமதியைப் புதுப்பிக்கச் செல்லும்போது அந்த நோட்டே முதல் ஆவணம்.

பக்கத்து ஊரார் தங்கள் பகுதியையும் சேர்க்கச் சொல்லி வருவார்கள். இரண்டு ஐப்பசி மழைகளைத் தாண்டி முதல் கிலோமீட்டர் நிற்கிறதா, சிறுபாலங்களின் கீழ் தண்ணீர் தடையின்றிக் கண்மாய்க்குப் போகிறதா என்று பார்த்த பிறகு, அவர்களையும் அழைத்துக்கொண்டு புலப்படத்தை மீண்டும் விரியுங்கள்.